மனிதவள மேலாண்மையில் எம்.ஏ.

நம் கல்லூரியில் பட்டம் பெறுவோருட் சிலர் மேற்கொண்டு மனிதவள மேலாண்மையில் எம்.ஏ. படிக்க விழைகின்றனர். ஆட்களைத் தேர்ந்து வேலைக்கு அமர்த்துவதே இக்கல்வி என்பது பலர் எண்ணம். அதன் பிறப்பை நோக்கின் வேறொன்று புலப்படும்.

500 பேரும் அதற்கு மேலும் உழைக்கும் ஆலைதோறும் தொழிலாளர் நல அதிகாரியை நியமித்தல் வேண்டுமென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அவ்வதிகாரிக்குப் பயிற்சி வேண்டுமன்றோ? 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளை நிறுவியதும், 1952இல் சென்னையில் தோன்றியதுமான சமூகப்பணிப் பள்ளிகள் போன்றவை அதனை அளித்தன.

இவ்வதிகாரியின் நிலை விநோதமானது. சம்பளம் தருபவர் முதலாளி. முறையிட வருபவர் தொழிலாளி. தொழிலாளருக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் அவர் வாதாடலாகாதெனச் சில மாநில விதிகள் தடுத்ததும் இதுபற்றியே. பின்னர்ப் பாடத்தின் பெயர் மாறிற்று. மண்வளம், நீர்வளம் என்பதுபோல மனிதரையும் வளமென்று எண்ணும் இப்பெயர் எமக்கு அத்துணை உவப்பன்று. பெயரோடு அந்த இடைநிலைப் பொறுப்பும் மறைந்துவிடலாகாதென்பதே நம் கவலை.

ஆகவே, சேர விரும்புவோர் கட்டடத்தையும் சம்பளக் கணக்கையும் பார்க்குமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குக. களப்பணிக்கு வாரத்தில் எத்தனை நாள்? ஆலைக்குள் செல்லும் மாணவர் தொழிற்சங்கத்தாரோடும் பேசுவரோ? 29 சட்டங்களைச் சேர்த்து 2019, 2020ஆம் ஆண்டுகளில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நான்கு தொகுப்புகளை முழுமையாகக் கற்பிக்கின்றனரோ, அன்றிச் சுருக்கக் குறிப்போடு நிறுத்துகின்றனரோ? இவற்றை அங்குப் படித்து வெளிவந்த நம் பழைய மாணவரிடமே கேட்டறிதல் நலம்.