திட்டப் பணமும் தொடர் பணியும்

வெளியுதவியை வேண்டாமென்னும் சங்கம் எங்கும் இல்லை. சாயச்சாலைக்கு மானியமாயினும், தானியக் கிடங்கிற்குக் கடனாயினும், பேரவையில் முதலில் எழும் வினா, "எவ்வளவு கிடைக்கும்?" என்பதே. "திட்டம் முடிந்தபின் செலவை ஏற்பவர் யார்?" என்ற வினா அரிதாகவே எழுகின்றது. இவ்வினாவின் முதன்மையை நம் மாநிலத்து இரு பெரும் பணிகளைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

1980-ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பெற்றது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் நடத்திப் பார்த்து, பின்னர் மற்ற ஒன்றியங்களுக்கு விரித்தனர். 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் ஊட்டவுணவு அளித்து, தேறியதும் நிறுத்துவது அதன் முறை. செலவு குறைவு; பயனும் இருந்தது. கடுமையான ஊட்டக்குறைவு தணிந்தது. ஆனால், தராசும் பதிவேடும் மேற்பார்வையும் இன்றி அம்முறை ஒரு நாளும் நடவாது. திட்டத்திற்கு முடிவு நாளும் உண்டு.

1982 ஜூலை முதல் நாள், எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. இதில் எடை பார்த்துத் தெரிவு செய்தல் இல்லை. வந்த குழந்தைக்கெல்லாம் உணவு. கருவூலம் தாங்காது என்றோர் பலர். எனினும், மாநில வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் இடம் பெற்றமையால், அரசுகள் மாறியும் அடுப்பு அணையவில்லை. ஊட்டச்சத்துத் திட்டமோ 1997-இல் முடிவுற்றது. அதன் பணி அறவே அற்றுப்போகாமைக்குக் காரணம், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துடன் இணைந்து, தொடர்செலவில் இடம் பெற்றமையே.

சிக்கன நடவடிக்கைகளும் இவ்வாறே பணியின் உருவை மாற்றுகின்றன. 1991-இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் பன்னாட்டு நிதியத்திடம் இந்தியா கடன் பெற்றது. உர மானியம் குறைந்து விலை ஏறியதை உழவர் அறிவர். 1997-இல் மத்திய அரசு, வறுமைக்கோட்டைக் கொண்டு பங்கீட்டுப் பொருள் பெறுவோரை இரு பிரிவாக்கிற்று. 2000-இல் மேற்பிரிவினர்க்கு அடக்க விலையையே விதித்தது. வாங்குவோர் குறைந்தனர், கிடங்குகளில் தானியம் குவிந்தது. கோட்டின் அருகில் வாழும் நெசவாளி எப்பிரிவில் விழுவார் என்பது கணக்கெடுத்தவர் கையில் இருந்தது. தமிழ்நாடு அவ்வாறு பிரிக்காது, கூடுதல் செலவைத் தானே ஏற்றது. நம் கூட்டுறவுக் கடைகளே அப்பணியின் பெரும்பகுதியைச் செய்து வருகின்றன.

எல்லார்க்கும் அளிப்பதில் செலவு மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தெரிவு செய்து அளிப்பதில் விடுபடுவோர் உண்டு. அவர்தம் இழப்பு எக்கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

ஆதலின், வெளியுதவி பெறும் சங்கங்கள் மூன்றை உறுதி செய்து கொள்ளல் நன்று. முதலாவது, திட்டம் முடிந்த மறு மாதத்துச் சம்பளமும் பழுதுபார்ப்புச் செலவும் எங்கிருந்து வரும் என்பது தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும். இரண்டாவது, யாரை விலக்குகிறோம் என்பதைப் பேரவை அறிய வேண்டும். மூன்றாவது, இலாபம் வரும் ஆண்டில் சேமநிதிக்குரிய பங்கைக் குறையாது ஒதுக்க வேண்டும். வந்த பணம் பணியைத் தொடங்கி வைக்கும். அதனைத் தொடர்ந்து நடத்துவது நம் பணமே.