"பழைய ரம்பம் இருக்கிறதா?" - அமெரிக்காவில் ஒரு விந்தை வேட்டை!

"உங்கள் கொட்டகையில் பழைய ரம்பம் ஏதாவது கிடக்கிறதா?"

அமெரிக்கக் கிராமங்களில் இந்தக் கேள்வியோடு அலைகிற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காயலான் கடைக்காரர்கள் அல்ல. மரம் வெட்டிப் பிழைப்பவர்களும் அல்ல. ஒருவர் பள்ளி ஆசிரியராக இருப்பார். ஒருவர் லாரி ஓட்டுபவராக இருப்பார். இன்னொருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாவாக இருப்பார். விடுமுறை நாள் வந்தால் போதும். காரை எடுத்துக்கொண்டு சந்தை சந்தையாகக் கிளம்பி விடுவார்கள்.

தபால் தலை சேர்ப்பவர்களை நமக்குத் தெரியும். பழைய நாணயம் சேர்ப்பவர்களையும் தெரியும். இவர்கள் சேர்ப்பது துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய, தூக்கினால் கை வலிக்கிற, மரம் அறுக்கும் எந்திரங்களை!

இதில் என்ன இருக்கிறது? ஏன் இந்தப் பைத்தியம்?

சங்கிலியில் பற்கள்

முதலில் அந்த எந்திரத்தைத் தெரிந்துகொள்வோம்.

சைக்கிள் செயின் போல ஒரு சங்கிலி. அதில் வரிசையாகக் கூரிய பற்கள். நீளமான ஒரு இரும்புப் பட்டையைச் சுற்றி அந்தச் சங்கிலி வேகமாக ஓடும். ஓட்டுவது ஒரு சிறிய பெட்ரோல் எந்திரம். இதுதான் சங்கிலி ரம்பம்.

அது வருவதற்கு முன்பு மரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் நின்று, நீண்ட வாளை மாறி மாறி இழுப்பார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில், பல ஆட்கள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் இருந்தன. அப்படி ஒரு மரத்தைச் சாய்ப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

பெட்ரோலில் ஓடும் ரம்பம் வந்த பிறகும் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக டிஸ்டன் கம்பெனியும் மெர்க்குரி எந்திரக் கம்பெனியும் சேர்ந்து ஒரு ரம்பம் செய்தன. அதன் எடை 100 ராத்தலுக்கு மேல்! எந்திரத்தை ஒருவர் பிடிக்க வேண்டும். பட்டையின் மறுமுனையை இன்னொருவர் பிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட "இரண்டு ஆள் ரம்பம்" ஒன்று கிடைத்துவிட்டால், ரம்பம் சேர்ப்பவருக்கு அன்று தீபாவளிதான்!

புழு சொல்லித் தந்த பாடம்

சங்கிலி ரம்பத்தின் வரலாற்றை மாற்றியது ஒரு புழு! நம்ப முடிகிறதா?

1946-ம் ஆண்டு. ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்பவர் காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துச் சங்கிலிப் பற்கள் சீக்கிரம் மழுங்கிவிடும். அரம் போட்டுத் தீட்டுவதற்குள் பொழுது போய்விடும். இதற்கு வழி தெரியாமல் அவர் தவித்து வந்தார்.

அப்போது ஒரு மரக்கட்டையில் புழு ஒன்றைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் பருமன் இருக்கும். ஒருவகை வண்டின் புழு அது. மரத்தை அது இடமும் வலமுமாகக் கடித்து, வெண்ணெயை வழிப்பது போல வழித்துக்கொண்டு போனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குத் தடையில்லை.

காக்ஸ் அதை உற்றுப் பார்த்தார். அதன் தாடைகள் வளைந்து இருந்தன. உடனே பொறி தட்டியது!

அதே வளைவில் இரும்புப் பற்கள் செய்தார். ஒரு பல் இடப் பக்கம், அடுத்த பல் வலப் பக்கம் என்று சங்கிலியில் கோத்தார். 1947-ல் போர்ட்லண்டு நகரில், தம் வீட்டு நிலவறையிலேயே தொழிலைத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் ஓடுகிற ரம்பச் சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் புழுவின் வழியில் வந்தவைதான்.

பாலம் வாங்கிய ரம்பக்காரர்

நல்ல சங்கிலி வந்துவிட்டது. அடுத்து, எடை குறைய வேண்டுமே!

1949-ல் மெக்கல்லோ கம்பெனி "3-25" என்ற ரம்பத்தை வெளியிட்டது. அதன் எடை 25 ராத்தல். அதாவது 11 கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகலாம். அமெரிக்க மரவெட்டிகளின் வாழ்க்கையே மாறிவிட்டது.

அந்தக் கம்பெனியின் முதலாளி ராபர்ட் மெக்கல்லோ. அவர் செய்த ஒரு காரியம் உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. தேம்ஸ் நதியில் இருந்த லண்டன் பாலம் ஆற்றுக்குள் மெல்ல அமிழ்ந்து வந்தது. அதை லண்டன் நகராட்சி விற்க முன்வந்தது. 1968-ல் 24 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கொடுத்து அவர் வாங்கினார்!

பாலத்தின் கற்களுக்கு எண் போட்டார்கள். கழற்றிக் கப்பலில் ஏற்றினார்கள். அரிசோனா பாலைவனத்தில் அவர் உருவாக்கிய லேக் ஹவாசு நகரில், அவற்றை மீண்டும் அடுக்கினார்கள். 1971-ல் திறப்பு விழா நடந்தது. ரம்பத் தொழிற்சாலையும் அந்த ஊரில் இயங்கியது. பாலம் இன்றும் இருக்கிறது. ஆனால் ரம்பக் கம்பெனி 1999-ல் திவாலாகிவிட்டது. மெக்கல்லோவின் மஞ்சள் நிற ரம்பங்களைத் தேடி ஆட்கள் அலைவதில் ஆச்சரியம் என்ன?

லூசியானா மாநிலத்துப் பூலன் ரம்பத்துக்கும் ஒரு கதை உண்டு. போரின்போது, கைதிகளாகப் பிடிபட்ட ஜெர்மானியரை வைத்துக் காட்டில் மரம் வெட்டும் வேலையை மேற்பார்த்தவர் கிளாடு பூலன். பழைய லாரியின் சக்கர மூடியை வளைத்து, 1944-ல் வில் போன்ற ஒரு ரம்பப் பட்டையை அவர் செய்தார். காகித ஆலைக்கான சிறு கட்டைகளை அறுக்க அது வசதியாக இருந்தது. போர் முடிந்ததும் 1946-ல் கம்பெனியே தொடங்கிவிட்டார்.

ஹோம்லைட் கம்பெனி 1963-ல் "எக்ஸ்.எல்.12" என்ற ரம்பத்தைக் கொண்டுவந்தது. பட்டையும் சங்கிலியும் நீங்கலாக 12 ராத்தல்தான். காட்டுத் தொழிலாளியிடம் இருந்த எந்திரம், சாதாரணக் குடியானவர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

கயிற்றை இழுத்தால் தெரியும்

இவை எங்கே கிடைக்கின்றன?

பழைய பொருள் சந்தை, ஏலம், காயலான் கடை, மூடப்பட்ட பட்டறை. எல்லாவற்றுக்கும் மேலாக, வயதானவர்களின் கொட்டகை.

கிடைத்ததும் பணத்தை நீட்டிவிட மாட்டார்கள். முதலில் எந்திரத்தைக் கிளப்பும் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்ப்பார்கள். கயிறு கையை எதிர்த்து இழுத்தால் எந்திரத்தில் இன்னும் பலம் இருக்கிறது. லொடலொடவென்று வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. அசையாமல் நின்றால் பிஸ்டன் இறுகிப் போயிருக்கிறது. அப்போதும் மனம் தளர மாட்டார்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் எண்ணெய் விட்டு, நாள் கணக்கில் காத்திருப்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் வேடிக்கைதான். புகைக் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். மூடிக்குள் எலி பஞ்சு மெத்தை போட்டிருக்கும். டாங்கியில் மிச்சமிருந்த பெட்ரோல் பிசின் போல ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவ வேண்டும். மின்பொறி கொடுக்கும் பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். கார்ப்பரேட்டருக்குள் விறைத்துப்போன ரப்பர் சவ்வை மாற்ற வேண்டும்.

பழைய ஸ்கூட்டருக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இதற்கும் அப்படித்தான். 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று பழைய ரம்பங்கள் பலவற்றில் எழுதியிருக்கும். இன்றைய ரம்பங்களுக்கு 50 பங்குக்கு ஒரு பங்கு போதும். கணக்குத் தெரியாமல் ஊற்றினால் பாடுபட்டதெல்லாம் பாழ்!

பெரிய தொல்லை, உதிரிப் பாகம்தான். செய்த கம்பெனியே இல்லை. பாகத்துக்கு எங்கே போவது? செத்த ரம்பத்தைப் பிரித்து, சாகக் கிடக்கும் ரம்பத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும். இதிலும் போட்டி உண்டு. 1950-களின் பிற்பகுதியில் "கோ-கார்ட்" என்ற குட்டிப் பந்தயக் கார்கள் அமெரிக்காவில் பரவின. அவற்றில் மெக்கல்லோ எந்திரங்கள் ஓடின. அந்தப் பழைய கார்களைச் சேர்ப்பவர்களும் இதே பாகங்களைத் தேடி அலைகிறார்கள்!

கண் இமைக்கும் நேரம்

இந்த எந்திரங்கள் விளையாட்டுப் பொருள் அல்ல. ஓடுகிற பட்டையின் நுனி மரத்தில் பட்டுவிட்டால், ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். கண் இமைக்கும் நேரம்தான்! அப்போது சங்கிலியை நிறுத்துகிற பிரேக் 1970-களில்தான் பரவலாக வந்தது. அதற்கு முன்பு உழைத்தவர்களுக்கு அந்தக் காவல் இல்லை.

இன்னொரு கொடுமை, அதிர்வு. நாள் முழுவதும் பிடித்திருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். "வெள்ளை விரல்" என்றே அந்த நோய்க்குப் பெயர். சத்தத்தால் காது கேட்காமல் போனவர்களும் உண்டு.

இந்த உழைப்பில் வீடுகள் எழுந்தன. ஆனால் பல நூறு ஆண்டுகள் வளர்ந்த காடுகளும் இதே சங்கிலியில் விழுந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த எந்திரம் நினைவுபடுத்துகிறது.

யாருடைய ரம்பம்?

வயதான மரவெட்டி ஒருவர் காலமாகிறார். பிள்ளைகள் தொலைதூர நகரத்தில் இருக்கிறார்கள். வீட்டை விற்க வேண்டும். கொட்டகையை ஒரே நாளில் காலி செய்ய வேண்டும். மூலையில் ஒரு ரம்பம் கிடக்கிறது.

அதன் உடல் பெரும்பாலும் மக்னீசியம் என்ற லேசான உலோகம். காயலான் கடைக்குப் போனால் எடைக்கு எடை கொஞ்சம் காசு கிடைக்கும். பிறகு உருக்கிவிடுவார்கள். அதோடு அந்த மனிதரின் உழைப்புக்கு இருந்த சாட்சியும் போய்விடும்.

தேடி வருகிறவர் ஒரு நாள் முந்திக்கொண்டால் அது பிழைக்கும். அதனால்தான் இந்த அவசரம்!

விவரம் தெரிந்தவர்கள் ரம்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை. "இது யாருடையது? எந்தக் காட்டில் வேலை செய்தார்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு பழுது பார்த்து, மற்ற பிரியர்களோடு ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஒரு கட்டையைப் போட்டு, கயிற்றை இழுக்கிறார்கள். பல்லாண்டு மௌனமாகக் கிடந்த எந்திரம் புகை கக்கிக்கொண்டு உறுமுகிறது.

தகப்பனாரின் ரம்பத்தை விற்ற மகன், அந்தச் சத்தத்தை மறுபடி கேட்டால் என்ன நினைப்பான்? விடிகாலையில் அப்பா வேலைக்குப் புறப்பட்டதும், மாலையில் மரத்தூள் படிந்த சட்டையோடு வீடு திரும்பியதும் நினைவுக்கு வராமல் இருக்குமா?

நம் வீட்டுப் பரணிலும் அப்பாவோ தாத்தாவோ கைவைத்து உழைத்த கருவி ஏதாவது கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்பு, அது யாருடையது என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்!