பெட்டியைத் திறந்துவிடலாம்... 158 மீட்டர் ஆன்டெனாவுக்கு எங்கே போவது? கடலோரத்துக்கு ஒரு ஹாம் ரேடியோ கணக்கு

திங்கள், புதன், சனி. ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள்கள் இவை. கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போனில் டவரும் மறைந்துவிடும். பிறகு கைகொடுப்பது படகில் இருக்கும் வி.ஹெச்.எஃப் வயர்லெஸ் செட்தான். அதில் அவசர அழைப்புக்கான 16-ம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் ஓடும். பூமியின் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட படகை எட்டாது.

வளைவோடு வளைந்து போகும் அலையும் இருக்கிறது. அலைவரிசை எண் குறையக் குறைய, அலை நிலத்தையும் நீரையும் ஒட்டியே ஊர்ந்து போகும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல் மேல் அதன் வேகம் குறையாவிட்டாலும் பலம் குறைவது ரொம்ப மெதுவாகத்தான். அதனால்தான் 1999 வரை உலகக் கப்பல்களின் மோர்ஸ் அபாய அழைப்புக்கு 500 கிலோஹெர்ட்ஸ் ஒதுக்கப்பட்டிருந்தது. கப்பல் ரேடியோ அறைக் கடிகாரங்களில் ஒவ்வொரு மணிக்கும் 15-லிருந்து 18, 45-லிருந்து 48 நிமிடங்கள் வரை சிவப்பு பெயின்ட் இருக்கும். அந்த மூன்று மூன்று நிமிடமும் யாரும் பேசக் கூடாது. எங்காவது எஸ்.ஓ.எஸ் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும்.

அந்த 500-க்குப் பக்கத்து வீட்டில்தான் இப்போது ஹாம்கள் குடியிருக்கிறார்கள். ஹாம் என்றால், தேர்வெழுதி உரிமம் வாங்கி, வருமானம் பார்க்காமல் வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்கள். ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், தொடர்பற்றுப்போன அந்தமானிலிருந்து தகவல்களைக் கடத்தியது பலருக்கு நினைவிருக்கலாம். உலக ரேடியோ மாநாடுகள் ஹாம்களுக்கு 2007-ல் 135.7 முதல் 137.8 வரையும், 2012-ல் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையும் இடம் கொடுத்தன.

ஜம்பரை மாற்றினால் போதுமா?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கடையில் கிடைக்கும் ஹாம் டிரான்ஸீவர்கள் பல, 30 கிலோஹெர்ட்ஸ் வரைகூடக் கீழே இறங்கிக் கேட்கும். ஆனால், அனுப்புவது பெரும்பாலும் 1.8 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான். உள்ளே போர்டில் ஒரு டையோடையோ ஜம்பரையோ மாற்றினால் சில செட்களில் பூட்டு திறந்துவிடும். 'அவ்வளவுதானா?' என்று மைக்கை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

செட்டின் கடைசியில் இருக்கும் ஃபில்டர் 1.8 மெகாஹெர்ட்ஸுக்காகச் செய்தது. 475-ல் அனுப்பினால் அதன் இரட்டிப்பான 950-ம், மும்மடங்கான 1,425-ம் தடையில்லாமல் கூடவே வெளியேறும். இரண்டுமே மீடியம் வேவ் ரேடியோ ஒலிபரப்பும் இடம். திருச்சி வானொலி 936-ல் இருக்கிறது. நீங்கள் மோர்ஸ் தட்ட, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ரேடியோ கரகரக்கும். தவிர, கடைசிக் கட்ட டிரான்ஸ்பார்மரின் ஃபெரைட் கோர் இவ்வளவு தாழ்ந்த அலைக்குப் போதாது. கரன்ட் ஏறி, டிரான்சிஸ்டர் புகையும்.

அதனால் விவரமான ஹாம்கள் விலையுயர்ந்த செட்டில் கை வைப்பதே இல்லை. டிரான்ஸ்வெர்ட்டர் என்ற தனிப்பெட்டி செய்கிறார்கள். செட்டிலிருந்து மிகக் குறைந்த வாட்ஸில், உதாரணமாக 3.5 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலை அது 475-க்கு இறக்கும். பிறகு மாஸ்ஃபெட் வைத்து பலப்படுத்தி, அதற்கென்றே சுற்றிய ஃபில்டர் வழியாக வெளியே விடும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான வழி. செட்டும் பிழைக்கும், தாத்தாவும் பிழைப்பார்.

ஸ்ரீரங்கம் கோபுரம் மாதிரி ரெண்டு!

பெட்டி சரி. ஆன்டெனா? 475 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 630 மீட்டர். அதில் கால்பங்கு உயரம் வேண்டுமென்றால் 158 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் எட்டாது. 137-க்கு அரை கிலோமீட்டருக்கும் மேல். நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேச இன்னும் தாழ்ந்த அலையில் இயங்கும் நம் கடற்படை நிலையம் ஐ.என்.எஸ் கட்டபொம்மன், திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இருக்கிறது. அதன் கம்பம் 471 மீட்டர்!

வீட்டு மாடியில் 15 மீட்டர் கம்பம் நட்டு, உச்சியில் குடைபோலக் கம்பிகளை விரித்து, அடியில் பெரிய காயில் போடுவதுதான் ஹாம் வழக்கம். பிளாஸ்டிக் பக்கெட் மேலேயே சுற்றுகிறவர்கள் உண்டு. 100 வாட்ஸ் கொடுத்தால் ஒரு வாட்கூடக் காற்றில் ஏறாமல் போகலாம். மிச்சமெல்லாம் காயிலிலும் மண்ணிலும் வெறும் சூடு. காயில் உச்சியில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். குழந்தைகள் விளையாடும் மாடி என்றால் வேண்டவே வேண்டாம். ஈர உப்பு மண் எர்த்துக்குத் தோதானது என்பதால், கடலோரத்து ஹாமுக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

ஒரு வாட்டில் பேச்சு எடுபடாது. மோர்ஸ் எடுபடும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் 2008-ல் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற மென்பொருளும் எடுபடும். நிலையத்தின் பெயர், இடம், எத்தனை வாட்ஸ்... இந்த மூன்றை மட்டும் சொல்ல இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நிதானமாகச் சொல்வதால்தான் இரைச்சலுக்கு அடியிலிருந்தும் கணினியால் பொறுக்க முடிகிறது.

இவ்வளவு பெரிய ஆன்டெனாவைப் படகில் ஏற்ற முடியாது. ஆக, படகிலிருந்து கரைக்கு இது உதவாது. கரையிலிருந்து படகுக்கு? கேட்பதற்குச் சின்ன ஆன்டெனாவே போதும். கப்பல்களுக்கு வானிலை எச்சரிக்கை அனுப்பும் 'நாவ்டெக்ஸ்' சேவை இப்படித்தான் 518 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையிலும் முட்டத்திலும் அதற்கு நிலையங்கள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்களையும் செல்போன் சேவையையும் சாய்த்ததை அனுபவித்தவர்களுக்கு, டவர் தேவைப்படாத ஓர் எச்சரிக்கையின் மதிப்பு தெரியும்.

ஆர்வம் இருக்கிறவர்கள் முதலில் கேட்பதிலிருந்து தொடங்கலாம். அனுப்ப வேண்டுமென்றால் மத்திய அரசின் ஹாம் தேர்வு இருக்கிறது. 12 வயதிலிருந்தே எழுதலாம். உரிமம் கைக்கு வந்ததும், அதிலுள்ள அலைவரிசைப் பட்டியலில் நீங்கள் நினைத்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தொட வேண்டும். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு. தண்ணீர் மேல் போகும் அலைக்கு எல்லைக்கோடு தெரியாது.