குவளையில் தெரியும் பண்பாடு: காப்பிக் கடைகளும் சாதியும்

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து 365 படிகளை ஏறி இறங்கும் பக்தர், களைப்பாற முதலில் தேடுவது ஒரு குவளை காப்பியையோ தேநீரையோதான். அக்குவளை யாருக்கு எவ்விதம் தரப்படுகிறது என்பதே கடையின் பண்பாடு. பலகை, நிறம், இசை ஆகியவை அதன் பின்னரே வருகின்றன.

வணிக அடையாளம் என்பது வாடிக்கையாளருக்குத் திரும்பத் திரும்ப அளிக்கப்படும் ஓர் உறுதிமொழி. தமிழகத்தின் தொடக்ககாலக் காப்பி கிளப்புகள் பல, ‘பிராமணாள்’ என்னும் பலகையால் அந்த உறுதிமொழியை அளித்தன. தூய்மை என்பது அதன் வெளிப்பொருள். விலக்கல் அதன் உட்பொருள். 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியார் தொடங்கிய மறியல் இந்த உட்பொருளையே எதிர்த்தது. தொண்டர்கள் பல மாதங்கள் தொடர்ந்து கைதாகினர். முடிவில் அச்சொல் பலகையிலிருந்து நீங்கியது.

அதே 1957இல் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1936 முதல் காப்பியைப் பரப்புவதற்காக நடத்தப்பட்டுவந்த காப்பி ஹவுஸ்களை மூடக் காப்பி வாரியம் முற்பட்டபோது, வேலையிழக்கவிருந்த ஊழியர்கள், ஏ.கே. கோபாலனின் துணையோடு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே ஏற்றனர். பரிமாறுபவரே உரிமையாளரானார். ஒரு நிறுவனத்தின் பண்பாடு உடைமை உறவிலிருந்தும் பிறக்கிறது என்பதற்கு இது சான்று.

இன்றைய பெருநிறுவனங்கள், வீட்டுக்கும் பணியிடத்துக்கும் அப்பாற்பட்ட ‘மூன்றாம் இடம்’ தாங்களே என்கின்றன. ஆனால் 2018 ஏப்ரலில், அமெரிக்காவின் பிலடெல்பியா ஸ்டார்பக்ஸ் கடையில், எதுவும் வாங்காமல் ஒருவருக்காகக் காத்திருந்த இரு கறுப்பின இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர். கண்டனம் எழுந்ததும் அந்நிறுவனம் மே 29 அன்று 8,000க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடி ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தது. வாங்காதவரும் அமரலாம் என விதியையும் மாற்றியது. 2025இல் வட அமெரிக்காவில் அவ்விதி கைவிடப்பட்டது. விளம்பரம் தரும் வரவேற்பு நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது, உரிமை அத்தகையதன்று.

நம் நாட்டில் அது சட்ட உரிமை. கடைகளிலும் உணவகங்களிலும் நுழைய, சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு. தீண்டாமையை ஒழிக்கிறது 17ஆம் உறுப்பு. பொது உணவகப் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தீண்டாமையின் பேரால் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தமும் இதனைக் குற்றமாக்குகிறது.

இரட்டைக் குவளை இன்று காகிதக் குவளையாக உருமாறியிருப்பதைக் களத்தில் உள்ளோர் அறிவர். அனைவருக்கும் காகிதக் குவளை எனில் அது வசதி. பிறருக்குக் கண்ணாடிக் குவளையும் தலித்துகளுக்கு மட்டும் காகிதக் குவளையும் எனில் அது தீண்டாமை. “சுகாதாரத்துக்காகத் தந்தோம்” எனக் கடைக்காரர் கூறினால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. ஏனெனில், பட்டியல் சாதியினர் தொடர்பாக இக்குற்றச்செயல் நிகழ்ந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அது தீண்டாமையின் பேரிலேயே செய்யப்பட்டதாக நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு.

ஆகவே, ஒரு கடையை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். யார் அமர்கிறார்? யாருக்கு எந்தக் குவளை? அதைக் கழுவுபவர் யார், காப்பி கலப்பவர் யார்? விடைகளைக் குறித்துவைப்போம். அக்குறிப்பே நாளை புகாருக்கு அடிப்படையாகும்.