முகத்தின் குறையும் பார்வையின் குறையும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு குழந்தைக்குக் கண் ஒருபக்கம் ஒதுங்கினால், அதைக் கவனிக்கத் தெரு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். பரிசோதித்துச் சொல்லக் கண் மருத்துவர் அருகில் இல்லை. இன்று தாம்பரத்திலேயே கண் மருத்துவமனைகள் வந்துவிட்டன. முடிச்சூர் சாலையில் மூக்குக் கண்ணாடிக் கடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் பிள்ளைகள் வாசலில் விளையாடுவது அருகிவிட்டது; அடுக்குமாடியின் சாத்திய கதவுக்குள் வளர்கிறார்கள். அன்று பார்த்தவர்கள் அதிகம், வைத்தியம் தூரம். இன்று வைத்தியம் பக்கம், பார்ப்பவர்கள் குறைவு.

முடிச்சூர் அப்போது ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். போகிறவர் வருகிறவர் எல்லாம் திண்ணைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். கண் மாறியிருந்தால் உடனே தெரிந்தது. விளக்கமும் உடனே கிடைத்தது. தொட்டிலுக்கு மேலே கட்டிய பொம்மையை ஒரே பக்கமாகப் பார்த்துப் பழகியதால் வந்தது என்றார்கள். பிள்ளையை ஜன்னலோரம் ஒரே வாட்டத்தில் படுக்க வைத்ததால் என்றார்கள். எந்த விளக்கமானாலும் பழி தாய்மேல் வந்து நின்றது. விளையாட்டில் கோபம் வந்தால் கூட்டாளிகள் “ஒன்றரைக் கண்ணு” என்றார்கள். “மாறுகண்ணு அதிர்ஷ்டம்டி, விடு. வளர வளர சரியாயிடும்” என்று பாட்டி தேற்றினாள். அந்தத் தேறுதலில் பாசம் இருந்தது; சில ஆண்டுகளும் அதில் கழிந்தன.

மருத்துவம் இல்லாத காலம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. சென்னையின் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805இல் பிறந்தது. அதற்குச் சில ஆண்டுகளே பிந்தியது சென்னை மருத்துவமனை. இராயப்பேட்டையில் பிறந்து, 1884இல் எழும்பூருக்கு இடம் மாறியது. தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், முடிச்சூரிலிருந்து தாம்பரம் வந்து ரயிலேறினால் எழும்பூர் ஒரு நாள் பயணம்கூட இல்லை. ஆனாலும் போகவில்லை. ஒரு நாள் கூலி போகும், ஓ.பி. சீட்டுக்கு விடியற்காலையிலேயே நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணில் கத்தி வைப்பது என்ற அச்சம். கண்ணை வெளியே எடுத்து வைத்துச் சரிசெய்து திரும்பப் பொருத்துவார்கள் என்று பலரும் நம்பினார்கள்.

அந்த அச்சத்தை வென்றது பெரும்பாலும் கல்யாணப் பேச்சுதான். பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் எழும்பூர் போனார்கள். அறுவை நடந்தது, கண் நேரானது, கல்யாணப் போட்டோ நன்றாக வந்தது. அது சிறிய பேறு அல்ல. தலை நிமிர்ந்து எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேச முடிகிற வாழ்வு கிடைத்தது. ஆனால் அந்தக் கண்ணின் பார்வை பெரும்பாலும் திரும்பவில்லை. அன்று மாறுகண் முகத்தின் குறை. இன்று அது பார்வையின் குறை என்று அறிந்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நடந்த மாற்றம், எத்தனை புதிய மருத்துவமனைகள் வந்தன என்பதைவிடப் பெரியது.

பார்வை ஏன் திரும்பவில்லை? ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் கடிவாளம்போல இழுத்துப் பிடித்திருக்கின்றன. இரு கண்களும் ஒரே புள்ளியை நோக்கினால் மூளை இரண்டு படங்களையும் இணைத்து ஒன்றாக்கி, ஆழத்தையும் உணர்த்துகிறது. ஒரு கண் விலகினால் இரு படங்களும் பொருந்துவதில்லை. குழந்தையின் மூளை குழப்பத்தைத் தவிர்க்க விலகிய கண்ணின் படத்தை ஒதுக்கிவிடுகிறது. தொடர்ந்து ஒதுக்கப்பட்ட கண், உறுப்பளவில் பழுதில்லாமலே மங்கிப் போகிறது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்துச் செய்த சோதனைகள், மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு ஒரு பருவம் உண்டு என்று காட்டின. 1981இல் நோபல் பரிசு பெற்றவர்கள் அவர்கள். இருபது வயதில் கண்ணை நேராக்கலாம். மூன்று வயதில் கற்றிருக்க வேண்டியதை அப்போது கற்பிப்பது அரிது.

காரணங்களைப் பற்றிய அறிவும் மாறியது. தொட்டில் பொம்மை குற்றமற்றது. பரம்பரை ஒரு காரணம். அதனால்தான் ஒரு பிள்ளைக்கு மாறுகண் இருந்தால் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். பிளஸ் பவர் அதிகமுள்ள குழந்தை, தெளிவாகப் பார்க்க முயலும்போது கண்ணை உள்நோக்கி இழுக்கிறது. இதை டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் 1864இலேயே எழுதினார். குறைமாதப் பிறப்பு, பிறவிக் கண்புரை, நரம்புப் பாதிப்பு ஆகியவையும் காரணங்கள். அன்று குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் பிழைக்கவில்லை. இன்று பிழைக்கிறார்கள், அதனாலேயே அவர்களின் கண்ணைத் தொடர்ந்து பார்க்க வேண்டிய பொறுப்பும் நமக்கு வந்திருக்கிறது.

பாட்டி சொன்னதில் ஓரளவு உண்மையும் இருந்தது. பிறந்து முதல் சில மாதங்கள் கண் அவ்வப்போது அலைவது இயல்பு. மூக்குத்தண்டு தட்டையாக இருக்கும் கைக்குழந்தைக்குக் கண் நேராக இருந்தும் மாறியதுபோலத் தோன்றும்; முகம் வளர அது மறையும். ஆனால் நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் விலகியே நின்றால், அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. எது தோற்றம், எது நோய் என்று சொல்வது இன்று எளிது. ஒரு சிறு டார்ச் ஒளியைக் கண்ணில் காட்டி, கருவிழியில் அதன் புள்ளி இரு கண்ணிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு ஒரு கண்ணை மூடி மூடித் திறந்து, மற்றது அசைகிறதா என்று கவனிக்கிறார்கள்.

சிகிச்சை கடந்துவந்த தொலைவு இன்னும் பெரியது. 1839 அக்டோபரில் பெர்லினில் டீஃபென்பாக் என்ற அறுவை மருத்துவர் ஏழு வயதுச் சிறுவனின் கண் தசையை வெட்டி மாறுகண்ணைச் சரிசெய்தார். மயக்க மருந்து அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. தசையை முழுவதுமாக வெட்டிவிட்டதால், அக்காலத்தில் அறுவை செய்துகொண்டவர்களில் பலருக்குக் கண் பின்னாளில் எதிர்ப்பக்கம் விலகியது. இன்று விலகலைப் பட்டகங்களால் அளந்து, தசையைச் சில மில்லிமீட்டர் பின்னே நகர்த்தியோ சுருக்கியோ கரையும் இழையால் தைக்கிறார்கள். கண்ணை வெளியே எடுப்பதில்லை. குழந்தைக்கு முழு மயக்கம் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சிலருக்கு இரண்டாவது அறுவை தேவைப்படலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். குறிப்பிட்ட சிலருக்கு ஊசி மருந்தே உதவுகிறது. முகச் சுருக்கத்துக்குப் போடும் ஊசி என்று இன்று பலரும் அறிந்த போடாக்ஸ், 1989இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான்.

எல்லா மாறுகண்ணுக்கும் கத்தி தேவையில்லை என்பதும் இன்று பரவியிருக்கும் அறிவு. பிளஸ் பவரால் உள்நோக்கித் திரும்பிய கண், கண்ணாடி போட்டதும் நேராகிவிடுவதுண்டு. வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைக்குக் கண் அவ்வப்போது வெளிப்பக்கம் ஒதுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தலையை ஒருபக்கம் சாய்த்தே பார்க்கும் பிள்ளை, இரட்டைப் பார்வையைத் தவிர்க்க அப்படிச் சாய்க்கலாம். அன்று இவற்றைப் ‘பழக்கம்’ என்று அதட்டித் திருத்தினார்கள்.

மங்கிய கண்ணைப் பழக்க, நல்ல கண்ணை மூடும் முறை பழையது; பிரான்சின் புஃபோன் 1743இலேயே அதைப் பரிந்துரைத்தார். முன்பு நாள் முழுக்க மூடச் சொன்னார்கள். பிள்ளை பிய்த்தெறிந்தது, தாய் அழுதாள், பள்ளியில் கேலி செய்தார்கள், பாதியில் விட்டார்கள். மிதமான குறைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் மூடினாலே ஆறு மணி நேரத்துக்கு இணையான பலன் கிடைக்கிறது என்று 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விடுவதும் ஏறக்குறைய அதே பலன் தருகிறது என்பது அதற்கு முந்தைய ஆண்டின் ஆய்வு. பள்ளி விட்டு வந்தபின், வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் கண்ணை மூடும் பேட்ச் போட்டால் போதும் என்ற நிலை, பல குடும்பங்களுக்குச் சிகிச்சையை முடிக்கும் தெம்பைத் தந்தது. ஏழெட்டு வயதுக்குள் தொடங்குவது நல்லது. அதைத் தாண்டியவர்களிலும் சிலருக்குப் பார்வை தேறுகிறது என்று 2005இல் தெரியவந்ததால், வயது கடந்துவிட்டது என்று முயலாமல் இருக்க வேண்டியதில்லை.

பெரியவர்களின் கதையும் மாறியிருக்கிறது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், தைராய்டு, தலைக்காயம் ஆகியவற்றால் திடீரெனக் கண் விலகி எல்லாம் இரண்டாகத் தெரியலாம். அது உடலின் எச்சரிக்கை. உடனே போக வேண்டும். சிறுவயது மாறுகண்ணோடு ஐம்பதைக் கடந்தவரும் இன்று அறுவை செய்துகொள்ளலாம். இனி என்ன என்று அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

முடிச்சூர்வாசிக்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பார்த்தால் நிறைவாக இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் மதுரையில் அரவிந்த், சென்னையில் சங்கர நேத்ராலயா தோன்றின. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். எழும்பூர் அரசு மருத்துவமனை இன்றும் ஏழைக்கு நிற்கிறது. அன்று ஸ்டுடியோவில் எடுத்த ஒற்றைப் படம்தான் சான்று. இன்று கைபேசியில் பிள்ளையின் நூற்றுக்கணக்கான படங்கள். கண் எந்த மாதம் விலகத் தொடங்கியது என்பதை மருத்துவர் அவற்றிலிருந்தே கணிக்கிறார். அப்படங்களில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது; விழித்திரைப் புற்றுநோய் சில குழந்தைகளிடம் மாறுகண்ணாகவே முதலில் தலைகாட்டும்.

இழந்ததும் உண்டு. அதே கைபேசியை முகத்துக்கு அருகில் பிடித்தபடி பிள்ளை மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறது; நீண்ட நேரம் அப்படிப் பார்த்த இளம்வயதினர் சிலருக்குத் திடீரெனக் கண் உள்நோக்கித் திரும்பியதை அண்மை ஆண்டுகளில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேலைக்கு ஓடும் பெற்றோருக்குப் பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் முகத்தை நிதானமாகப் பார்க்க நேரமில்லை. “ஏம்மா, புள்ளைக்குக் கண்ணு கொஞ்சம் ஒதுங்குதே” என்று கேட்கும் எதிர்வீட்டு அக்காவும் இல்லை; இருந்தாலும் கேட்கத் தயங்குகிறார். தனியார் மழலையர் பள்ளிகளில் படிக்கும் பல பிள்ளைகளுக்கு, அங்கன்வாடிப் பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசோதனைகூடக் கிடைப்பதில்லை.

எழும்பூரில் காலம் கடந்து கண்ணை நேராக்கிக்கொண்ட அந்தப் பெண்கள் இன்று பாட்டிகள். ஊசியில் நூல் கோக்கும்போதும் படியிறங்கும்போதும் ஒற்றைக் கண்ணை நம்பி வாழ்வது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். தங்களுக்குச் சொல்லப்பட்ட அதிர்ஷ்டத்தைப் பேரப்பிள்ளைக்கு அவர்கள் சொல்ல வேண்டாம்; “நாளைக்கே கூட்டிட்டுப் போ” என்று சொன்னால் போதும். பயணமும் அறுவையும் எளிதாகிவிட்டன. பிள்ளை பார்க்கக் கற்கும் பருவம் மட்டும் அன்றிருந்த அளவேதான் இன்றும் இருக்கிறது. அதை வீணாக்காமல் இருப்பது வீட்டில் இருப்பவர்கள் கையில்தான்.