வேகம் பெருகினால் போதுமா?

நாகர்கோவில் வடசேரியில், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அண்மையில் நாம் சிறிது நேரம் காத்திருக்க நேர்ந்தது. அப்பொழுது இளைஞர் ஒருவர் பழைய புல்லட் வண்டியொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். காலஞ்சென்ற தந்தையார் விட்டுச்சென்ற வண்டி அது.

“அண்ணே, இதை ஐந்நூறு சி.சி. ஆக்கித் தரணும். பேச்சிப்பாறைப் பக்கம் வீட்டுக்காரியை ஏற்றிக்கொண்டு போனால் ஏற்றத்தில் மூச்சு வாங்குது” என்றார்.

முதியவரான மெக்கானிக் உடனே விடை கூறவில்லை. “முதல்ல உள்ளே என்ன இருக்குன்னு பார்ப்போம், மக்களே” என்று மட்டும் சொன்னார்.

இத்தகைய ஆசை நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் எழக்கூடும். ஆகவே இதைப் பற்றிப் பெற்றோர் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம்.

சி.சி. என்பது யாது? உருளைக்குள் பிஸ்டன் கீழிருந்து மேலாக ஒருமுறை நகரும்பொழுது கடக்கும் இடத்தின் கன அளவே அது. 1955-இல் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், சென்னை திருவொற்றியூரில் உருவாக்கிவந்த 350 புல்லட்டின் உருளை விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 90 மில்லிமீட்டர். கணக்கிட்டால் 346 சி.சி. வரும். அதன் அண்ணனான 500 புல்லட்டிலும் பிஸ்டன் நகரும் தூரம் அதே 90 மில்லிமீட்டர்தான். விட்டம் மட்டும் 84 ஆனதால் அது 499 சி.சி. ஆயிற்று. 500 புல்லட்டின் விற்பனை நம் நாட்டில் 2020-இல் நின்றுவிட்டது.

விட்டத்தில் 14 மில்லிமீட்டர்தானே வேற்றுமை, உருளையையும் பிஸ்டனையும் மாற்றினால் போதாதா என்று இளைஞர்கள் எண்ணுவது இதனாலேதான். ஆனால் காரியம் அத்துடன் முடிவதில்லை. பெரிய உருளை அமர்வதற்கு எஞ்சின் பெட்டியின் வாயைக் குடைந்து அகலப்படுத்த வேண்டும். கார்புரேட்டர் தரும் பெட்ரோலின் அளவை மாற்ற வேண்டும். பிஸ்டனின் எடை கூடுவதால் கிராங்கின் சமநிலை குலைந்து அதிர்வு மிகும். கிளட்சும் கியர்களும் தமக்கு விதிக்கப்படாத சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் பயன் என்ன? பழைய 350 புல்லட்டின் திறன் ஏறத்தாழ 18 குதிரைத்திறன். 500 புல்லட்டினுடையதோ ஏறத்தாழ 22. கன அளவு பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெருகியும், திறன் கால் பங்குகூடப் பெருகவில்லை!

இதனினும் கருதத்தக்கது பிரேக். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 80-ஐ எட்டினால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் அதை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிறது. எஞ்சினைப் பெரிதாக்கியவர் பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவைத்தால், மலைச்சரிவில் இறங்கும்பொழுது அவர் எதை நம்பி இறங்குவார்?

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு, தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு, மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டே செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இன்னுமொன்று: மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு வேறாகும். ஏட்டில் 346, எஞ்சினில் 499 என்றிருக்கையில் விபத்து நேர்ந்தால், இழப்பீடு பற்றிய வழக்கு அந்தக் குடும்பத்தின் தலைமேலன்றோ வந்து விழும்!

பட்டறைக்குத் திரும்புவோம். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், உருளையின் சுவர் தேய்ந்திருப்பதை இளைஞருக்கு விரலால் தடவிக் காட்டினார். பிஸ்டன் வளையங்களும் தேய்ந்து, எரிவாயுவின் அழுத்தம் பக்கவாட்டில் கசிந்துகொண்டிருந்தது. “வண்டி சின்னதில்லை மக்களே, நோயாளியா இருக்கு. அப்பா வைத்திருந்த பலத்தை முதல்ல திருப்பிக் கொடுப்போம்” என்றார். லேத் பட்டறைக்கு அனுப்பி உருளையைச் சிறிதே கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனும் வளையங்களும் பொருத்தி, செயினையும் பிரேக் கட்டைகளையும் மாற்றித் தருவதாக முடிவாயிற்று. இளைஞரின் முகத்தில் முதலில் ஏமாற்றம் தெரிந்தது. சில வாரங்கள் கழித்து அவரை மணிமேடை அருகே கண்டோம். வண்டி இப்பொழுது ஏற்றத்தில் தயங்குவதில்லையாம். “இறக்கத்திலும் பயமில்லை” என்று சிரித்தார்.

வண்டியின் வலிமை எத்தனை என்று பிள்ளைகள் கேட்கட்டும், அது தவறன்று. அதை நிறுத்தும் வலிமை எத்தனை என்றும் கேட்க நாம் அவர்களுக்குப் பழக்குவோம். வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் தாய்க்கு, மகன் எத்தனை விரைவில் வந்தான் என்பது ஒரு பொருட்டன்று; வந்து சேர்ந்தான் என்பதே போதும்.