கண்ணாடிக்கே கண்ணாடி!

செய்த வேலையில் தப்பு வந்துட்டா என்ன செய்வது? ஹப்பிள் தொலைநோக்கியைக் கேளுங்க!

1990 ஏப்ரலில் விண்வெளிக்குப் போன ஹப்பிள் அனுப்பிய படங்கள் மங்கலாக இருந்தன. காரணம்? அதன் 2.4 மீட்டர் கண்ணாடியின் விளிம்பை, தலைமுடித் தடிமனில் 50-இல் ஒரு பங்கு அதிகமாகத் தேய்த்துவிட்டார்கள். சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி இருந்ததே அதற்குக் காரணம். வேறு சோதனைகள் தப்பைக் காட்டியும் யாரும் கண்டுக்கல!

விஞ்ஞானிகள் தப்பை மறைக்கவில்லை, அளந்தார்கள். அதே தப்பு எதிர்ப்பக்கமாக இருக்கும்படி சின்னக் கண்ணாடிகள் செய்தார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் அவற்றைப் பொருத்தினார்கள், நமக்கு மூக்குக் கண்ணாடி மாதிரி! படங்கள் பளிச்!

கணக்கு தப்பானால் உடனே ரப்பரைத் தேடாதீங்க. எந்த வரியில், எவ்வளவு தப்பினோம்னு பாருங்க. திருத்தம் அங்கேதான் இருக்கு!